தொழிற்பயிற்சியும் அதன் வாயிற்படியும்

ஒரு பள்ளியின் தரத்தை அறிய விரும்புவோர் பெரும்பாலும் அதன் தேர்ச்சிக் கணக்கையே கேட்கின்றனர். நூற்றுக்குத் தொண்ணூறு பேர் தேறினர் என்றால் நல்ல பள்ளி. ஐம்பது பேர் என்றால் சுமாரான பள்ளி. தேறிய தொண்ணூறு பேர் பள்ளிக்குள் வருமுன் எந்நிலையில் இருந்தனர், வாசலிலேயே திருப்பி அனுப்பப்பட்டோர் எத்தனை பேர் என்று கேட்பார் அரியர். சிறுவர் பள்ளியில் இக்கேள்வி கேட்கப்படாமற் போவதால் விளையும் தீங்கு ஒருபுறமிருக்க, வளர்ந்தோர்க்கான தொழிற்பயிற்சியில் அது கேட்கப்படாமற் போவதால் விளையும் தீங்கு பெரிது. நாற்பது வயதில் வேலையிழந்த ஒருவர், ஆறு மாதச் சம்பளத்தை விட்டுவிட்டுப் பயிற்சிக்கூடத்தில் வந்து அமர்கிறார். அப்பயிற்சி வீணாகுமாயின் அவர் இழந்த ஆறு மாதத்தைத் திருப்பித் தருவார் யாருமில்லை. பயிற்சிக்கூடத்தின் வாசலிலேயே அவர் தடுக்கப்படுவாராயின், அவர் பெயர் எந்தக் கணக்கிலும் ஏறுவதுமில்லை.

கணினியும் தானியங்கு பொறிகளும் பெருகப் பெருக, புதிய தொழில்நுட்பத்தில் மக்களைப் பழக்குவதற்கென ஏறக்குறைய எல்லா அரசாங்கங்களும் பணம் ஒதுக்கி வருகின்றன. அப்பணத்தால் உண்மையில் யாருக்கு என்ன பயன் விளைந்தது என்பதை நெடுங்காலமாக அளந்து பார்த்து வந்துள்ள நாடு ஐக்கிய அமெரிக்கா. அங்கே கண்ட வெற்றிகளும் தோல்விகளும் நம் நாட்டாருக்கும் பாடமாகத் தக்கவை.

1982ஆம் ஆண்டில் அமெரிக்கா தொழிற்பயிற்சிக் கூட்டுறவுச் சட்டம் என்றொரு சட்டத்தை இயற்றியது. வறியோருக்கும் வேலையிழந்தோருக்கும் குறுகிய காலப் பயிற்சி தந்து, வேலையில் அமர்த்துவது அதன் நோக்கம். பணம் வீணாகாதிருக்க ஓர் ஏற்பாடும் செய்தனர். பயிற்சி முடித்தோரில் எத்தனை பேர் வேலையில் அமர்ந்தனர், என்ன கூலி பெற்றனர் என்று கணக்கெடுத்து, நல்ல கணக்குக் காட்டிய நிலையங்களுக்குக் கூடுதலாகப் பணம் தந்தனர். கேட்பதற்கு நேர்மையான ஏற்பாடாகவே தோன்றுகிறது. ஆனால் நிலையத்தாரின் இடத்தில் ஒருவர் தம்மை வைத்துப் பார்க்கட்டும். இருவர் விண்ணப்பிக்கின்றனர். ஒருவர் பள்ளிப் படிப்பை முடித்தவர். சில மாதங்களுக்கு முன்புதான் வேலையிழந்தவர். மற்றவர் எழுத்துக்கூட்டி வாசிப்பவர். மூன்றாண்டுகளாக நிலையான வேலை இல்லாதவர். கணக்கு நன்றாக வரவேண்டுமாயின் முதலாமவரைத்தான் சேர்த்துக்கொள்ள வேண்டும். முதலாமவருக்கோ பயிற்சி இல்லாமலே வேலை கிடைத்திருக்கும்! பாலில் படியும் ஏட்டை மட்டும் வழித்தெடுத்துக்கொள்ளும் செயல் என்று அறிஞர்கள் இதனைக் குறிப்பிட்டனர். தேர்வில் தேறமாட்டான் என்று தெரிந்த மாணவனைத் தேர்வெழுத விடாமலே வைத்துக்கொண்டு, நூற்றுக்கு நூறு தேர்ச்சி என்று பெயரெடுக்கும் பள்ளிகளை அறிந்தவர்களுக்கு இது புதுமையன்று.

பயிற்சியால் வந்த பயன் எது, பயிற்சியின்றியும் வந்திருக்கக்கூடிய பயன் எது என்று பிரித்தறிய ஒரே நம்பகமான வழி குலுக்கல். பயிற்சிக்குத் தகுதியுடையோர் அனைவர் பெயரையும் எழுதிக் குலுக்கி, ஒரு பகுதியினரைச் சேர்த்துக்கொள்வது. மற்றொரு பகுதியினரைச் சேர்க்காது விட்டு, அவர்களும் என்ன ஆனார்கள் என்று பல ஆண்டுகள் தொடர்ந்து பார்ப்பது. இரு சாராரும் தொடக்கத்தில் ஒத்த நிலையினர். ஆகவே பின்னர்க் காணும் வேறுபாடு பயிற்சியால் வந்ததே. சேர்க்கப்படாதோருக்கு இது கொடுமையன்றோ என்று கேட்கலாம். இடம் சிலருக்கே உள்ளபோது, வேண்டியவர் வேண்டாதவர் பார்த்துச் சேர்ப்பதைவிடக் குலுக்கிச் சேர்ப்பது கொடுமையன்று.

மேற்சொன்ன சட்டத்தின் பயிற்சிகளை இம்முறையில், 1987 முதல் 1989 வரை விண்ணப்பித்தவர்களில் ஏறத்தாழ 20,000 பேரைக் கொண்டு, 16 இடங்களில் சோதித்தனர். வளர்ந்தோர்க்கு, குறிப்பாகப் பெண்களுக்கு, ஓரளவு பயன் தெரிந்தது. 22 வயதுக்குட்பட்ட இளைஞர்க்குப் பயனே தென்படவில்லை. 2000ஆம் ஆண்டின் பொருளாதார நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்ட ஜேம்ஸ் ஹெக்மனும் அவருடன் ஆராய்ந்தோரும் இன்னொன்றையும் எடுத்துக்காட்டினர். பயிற்சி முடிந்த சில வாரங்களில் எடுக்கப்பட்ட வேலைக் கணக்குக்கும், பயிற்சியால் நெடுநாளில் விளைந்த உண்மையான பயனுக்கும் தொடர்பு மிகக் குறைவு. அதாவது, வெகுமதி பெற்ற நிலையம் நல்ல நிலையமாக இருக்கவேண்டியதில்லை.

இந்நிலையில் டெக்ஸஸ் மாநிலத்துச் சான் அன்டோனியோ நகரில் ஒரு நிகழ்ச்சி நேர்ந்தது. 1990 சனவரியில், லீவை ஸ்ட்ராஸ் கம்பெனி அங்கிருந்த தன் தையல் ஆலையை மூடி, அவ்வேலையைக் கோஸ்ட்டரிக்கா நாட்டுக்கு மாற்றியது. ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் ஒரே நாளில் வேலையிழந்தனர். அவர்களிற் பெரும்பாலோர் மெக்சிக்க வழிவந்த பெண்கள். பல்லாண்டுகளாகத் தையல் பொறிக்கு முன் அமர்ந்தே குடும்பம் நடத்தியவர்கள். அதே நகரில் மருத்துவமனைகள் தாதிகளும் நுட்பப் பணியாளர்களும் கிடைக்காமல் திண்டாடிக்கொண்டிருந்தன. ஒரு தெருவில் ஆளில்லாத வேலை, அடுத்த தெருவில் வேலையில்லாத ஆள்!

தேவாலயங்களைச் சார்ந்து இயங்கிய மக்கள் சங்கங்கள் இரண்டு இதனைக் கையிலெடுத்தன. அவர்கள் முதலில் வகுப்பறை தேடிப் போகவில்லை. முதலாளிகளைத் தேடிப் போயினர். உங்களுக்கு எந்த வேலைக்கு எத்தனை பேர் வேண்டும், அவர்களுக்கு என்ன தெரிந்திருக்க வேண்டும், பயிற்றித் தந்தால் எடுத்துக்கொள்வீர்களா என்று கேட்டு, முன்கூட்டியே வாக்குப் பெற்றனர். அதன் பின்னரே 1992இல் 'பிராஜெக்ட் குவெஸ்ட்' என்னும் அமைப்பு தோன்றியது. அது தானே வகுப்பு நடத்தவில்லை. நகரிலிருந்த சமுதாயக் கல்லூரிகளுக்குத் தன் மாணவரை அனுப்பியது. கல்லூரிக் கட்டணம், புத்தகம், சீருடை, தேர்வுக் கட்டணம், பஸ் செலவு முதலியவற்றுக்கு உதவியது. கல்லூரியின் நுழைவுத் தேர்வில் தேற இயலாதவர்களுக்குக் கணக்கும் ஆங்கிலமும் முதலிலிருந்து கற்பித்தது. வாரத்திற்கொரு முறை, ஒரு மணி நேரம், ஆலோசகர் ஒருவர் முன்னிலையில் எல்லோரும் கூடவேண்டும். பிள்ளைக்குக் காய்ச்சல், கணவனுக்கு வேலை போயிற்று, பழைய கார் பழுதாகி நின்றுவிட்டது என்பன போன்ற சங்கடங்கள் அங்கே பேசப்பட்டன. வளர்ந்தோர் கல்வியை அருகிருந்து பார்த்தவர்கள் அறிவர்: மாணவர் நின்றுவிடுவதற்குக் கடினமான பாடம் காரணமாவது சிறுபான்மை, இத்தகைய சங்கடங்களே பெரும்பான்மை.

இந்த அமைப்பையும் குலுக்கல் முறையில் சோதித்தனர். 2006 முதல் 2008 வரை விண்ணப்பித்த 410 பேர் இரு பிரிவாக்கப்பட்டனர். பயிற்சிக் காலத்தில், சேர்க்கப்பட்டோரின் சம்பாத்தியம் மற்றவர்களினும் குறைந்தே இருந்தது. படித்துக்கொண்டிருந்தவர்கள் எப்படி முழுநேரம் உழைக்க முடியும்? முதலாண்டு முடிவில் கணக்கெடுத்திருந்தால் இப்பயிற்சி தோல்வி என்றே எழுதியிருப்பர். ஆறாம் ஆண்டிலோ அவர்கள் மற்றவர்களைவிட ஆண்டுக்கு 5,000 டாலருக்கு மேல் கூடுதலாகச் சம்பாதித்தனர். ஒன்பதாம் ஆண்டிலும் அவ்வுயர்வு மறையவில்லை. சேரும்போது 34 வயதைக் கடந்திருந்தோர்க்கு இளையோரைவிட மிகுந்த பயன் விளைந்தது என்பது, வயது சென்றவருக்குப் பயிற்சி எதற்கு என்று கேட்போர் கவனிக்கத்தக்கது.

சான் அன்டோனியோவில் பெரும்பாலோர் கற்றது மருத்துவத் துறைத் தொழில். கணினித் தொழிலுக்கு இம்முறை பொருந்துமா என்பதற்கு விடை நியூ யார்க்கின் பிராங்ஸ் பகுதியிலிருந்து கிடைத்தது. அங்கே 1995இல் தோன்றிய 'பெர் ஸ்கோலஸ்' என்னும் அறநிலையம், பெரிய அலுவலகங்கள் கழித்துவிட்ட கணினிகளைப் பழுது பார்த்து, வசதியற்றோர்க்குக் கிடைக்கச் செய்து வந்தது. பழுது பார்க்க ஆள் வேண்டியிருந்தது; ஆகவே அக்கம்பக்கத்தாருக்கே அத்தொழிலைக் கற்பிக்கத் தொடங்கியது. பிறகு கற்பிப்பதே அதன் முதன்மைப் பணியாயிற்று. கட்டணமில்லை. சுமார் 15 வாரங்கள், நாள் முழுதும் வகுப்பு. கணினியைப் பிரித்துப் பூட்டுவது, பிணையத்தில் இணைப்பது, பழுதின் காரணத்தை ஒவ்வொன்றாக நீக்கிக் கண்டுபிடிப்பது. முடிவில் கணினித் தொழிலார் எங்கும் மதிக்கும் 'ஏ-பிளஸ்' சான்றிதழுக்கான தேர்வு. அத்துடன், நேரத்துக்கு வருவது, வாடிக்கையாளரிடம் பேசுவது, வேலைக்கான நேர்முகத்தில் பதில் சொல்வது ஆகியவையும் பாடங்கள்.

இந்நிலையத்தையும் பாஸ்டன், மில்வாக்கி நகரங்களிலிருந்த வேறிரண்டையும் சேர்த்து ஆராய்ந்த முடிவு 2010இல் வெளிவந்தது. 1,286 பேரில், பயிற்சிக்குச் சேர்க்கப்பட்டோர் இரண்டாண்டுகளில் மற்றவரைவிட நூற்றுக்குப் 18 பங்கு கூடுதலாகச் சம்பாதித்திருந்தனர். பின்னர் 'வொர்க் அட்வான்ஸ்' என்ற பெயரில் நான்கு நிலையங்களில் நடந்த இன்னொரு சோதனையில், பிராங்ஸ் மாணவரின் இரண்டாமாண்டுச் சம்பாத்தியம் ஏறத்தாழக் காற்பங்கு உயர்ந்தது. ஏனைய மூன்றிலும் பலன் ஒரே சீராக இல்லை. அவற்றிற் சில, தொடக்கத்தில் ஒரு பகுதியினரைப் பயிற்றாமலே நேரே வேலையில் அமர்த்தி, வேலையிலிருந்தபடியே முன்னேறட்டும் என்று விட்டுப் பார்த்தன. அவ்வழி பயன் தரவில்லையென்று கண்டு சீக்கிரமே கைவிட்டன.

ஹார்வர்ட் பல்கலைக்கழகத்தின் லாரன்ஸ் கட்ஸும் பிறரும் இச்சோதனைகளை ஒன்றாக வைத்து ஆராய்ந்து கண்டது யாதெனில், இப்பயிற்சிகளின் பயன் வேலையில்லாதவர்க்கு ஏதோ ஒரு வேலை கிடைத்ததால் வந்ததன்று. குறைந்த கூலித் தொழிலில் உழன்றவர் அதிகக் கூலித் தொழிலுக்குள் நுழைய முடிந்ததால் வந்தது. பாதுகாவல், துப்புரவு, கடைச் சிப்பந்தி வேலைகள் எப்போதும் கிடைக்கக்கூடியவை. கணினிப் பிரிவின் கதவு மட்டும் தக்க சான்றிதழும் சொல்லிவிட ஆளும் இல்லாதவருக்குத் திறப்பதில்லை. நல்ல குடும்பத்துப் பிள்ளைக்கு மாமனோ சித்தப்பாவோ சொல்லிவிடுகிறார். பிராங்ஸ் மாணவருக்கு நிலையம் சொல்லிவிட்டது.

இங்கேதான் வாயிற்படியின் கேள்வி மீண்டும் எழுகிறது. வொர்க் அட்வான்ஸ் நிலையங்களில் விண்ணப்பித்தவர்களில் சேர்க்கத் தக்கவராகக் கொள்ளப்பட்டோர் சற்றேறக்குறைய ஐவரில் ஒருவரே. எழுத்து, கணக்குத் தேர்வு, நேர்முகம், ஒழுங்காக வருவாரா என்ற மதிப்பீடு ஆகிய மூன்றையும் கடந்தோர் மட்டுமே குலுக்கலுக்கே வந்தனர். ஆகவே மேலே கண்ட அழகிய எண்கள் எல்லாம் அந்த ஒருவருக்கு நேர்ந்த நன்மையைச் சொல்கின்றன. மற்ற நால்வரைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. நிலையத்தாரைக் குறை சொல்வதற்கில்லை. தகுதியற்றவரை அனுப்பினால் முதலாளி அடுத்த முறை ஆளெடுக்கமாட்டார். அப்போது எல்லோர்க்கும் கதவடைபடும். பயிற்சி பயன் தரவேண்டுமானால் வாசலில் தேர்வு வேண்டும். பயிற்சி நேர்மையாக நடக்க வேண்டுமானால் வாசலில் திருப்பப்பட்டவருக்கும் ஒரு வழி வேண்டும். இவ்விரண்டையும் ஒன்றையொன்று அழிக்காமல் நிறைவேற்றக்கூடிய இடம், வாயிலுக்கு முன்னே கட்டப்படும் படிதான். தேர்வைத் தளர்த்துவதன்று, தேர்வுக்கு ஆயத்தம் செய்யும் வகுப்பைச் சேர்ப்பது. குவெஸ்ட் கற்பித்த கணக்கும் ஆங்கிலமும் அத்தகைய படியே.

ஒரு நகரத்து அறநிலையம் சில நூறு பேருக்குச் செய்ததை ஒரு நாடு முழுமைக்கும் செய்ய முடியுமா என்பதற்குச் சிங்கப்பூரின் வரலாற்றில் விடையுண்டு. 1972இல் சிங்கப்பூர் அரசாங்கமும் இந்தியாவின் டாட்டா நிறுவனமும் கூட்டாக ஒரு பயிற்சி நிலையம் அமைத்தன. அடுத்தடுத்து ரோலை, பிலிப்ஸ் நிறுவனங்களோடும் அவ்வாறே அமைந்தன. கம்பெனி தனக்கு வேண்டியதைப்போல் இருமடங்கு பேரைப் பயிற்ற வேண்டும். மிகுதிப்பேர் மற்ற ஆலைகளுக்கு. வேலை எங்கே இருக்கிறதோ அங்கிருந்தே பயிற்சி தொடங்கவேண்டும் என்னும் கருத்து சான் அன்டோனியோவுக்கு இருபதாண்டுக்கு முன்பே சிங்கப்பூரில் செயலாயிற்று. ஆனால் அந்நிலையங்களில் இடம் பெற்றவர் பள்ளி முடித்த இளைஞர். ஏற்கெனவே ஆலையில் நின்ற, பள்ளிப் படிப்புக் குறைந்த வயது வந்தோர் வாசலுக்கு வெளியே இருந்தனர்.

அவர்களுக்காக 1983இல் 'பெஸ்ட்' என்னும் அடிப்படைக் கல்வித் திட்டம் வந்தது. ஆங்கிலமும் கணக்கும், தொடக்கப்பள்ளி ஆறாம் வகுப்பின் அளவுக்கு, சிறு சிறு பகுதிகளாகப் பிரித்து, வேலை பார்த்துக்கொண்டே கற்கத்தக்கவாறு அமைந்தது. தொழிற்கல்வி வாரியத்தின் நிலையங்களில் மட்டுமன்றித் தொழிற்சங்கமும் கம்பெனிகளும் முன்வந்து வகுப்பு நடத்தின. அதன்மேல் 1987இல் உயர்நிலைப்பள்ளி அளவிலான 'வைஸ்' என்னும் அடுத்த படியும் கட்டப்பட்டது. பொறியின் கைப்பிடியை இழுத்தவர்கள், எண்களால் இயங்கும் பொறியின் திரையை வாசித்து இயக்கவேண்டிய காலம் வந்துகொண்டிருந்தது. திரையில் தோன்றும் ஒரு வரியை வாசிக்கத் தெரியாதவருக்கு எத்தனை நவீனமான பயிற்சிக்கூடமும் பூட்டிய வீடே. தசமப் புள்ளி எங்கே நிற்கவேண்டும் என்று அறியாதவர் அளவுக்கருவியைப் பிடித்துப் பயனில்லை. தொழில்நுட்பம் என்று பெரிய பெயரால் அழைக்கப்படுவதன் அடியில் நான்காம் வகுப்புப் பின்னக் கணக்கு ஒளிந்திருப்பதைப் பலரும் மறந்துவிடுகின்றனர்!

பணத்துக்கும் சிங்கப்பூர் ஒரு வழி கண்டது. 1979ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி, மாதம் 750 வெள்ளிக்கு மேற்படாத சம்பளம் பெற்ற தொழிலாளரை வைத்திருந்த கம்பெனிகள் அச்சம்பளத்தின்மேல் ஒரு வரி செலுத்தவேண்டியிருந்தது. அப்பணம் திறன் மேம்பாட்டு நிதியாகிப் பயிற்சிக்கே திரும்பியது. மலிவான ஆளை மலிவாகவே வைத்திருந்தவர் வரி கட்டினார்; அவரைப் பயிற்றி உயர்த்தியவர் வரியைத் திரும்பப் பெற்றார்.

இனி, பயிற்சிக்காலத்தில் உணவுக்கு என்ன செய்வது என்ற கேள்வி. கட்டணமில்லாப் பயிற்சி என்று விளம்பரம் செய்துவிட்டால் எல்லோர்க்கும் சமம் என்று எண்ணுவோர் உளர். குடும்பத் தலைவருக்குக் கட்டணத்தினும் பெரிய செலவு இழந்த சம்பளம். கைக்குழந்தையுள்ள தாய்க்கு மாலை ஏழுமணி வகுப்பு இலவசமாயினும் இல்லாததற்குச் சமமே. இவ்விடைவெளியில் வாணிபம் நுழைந்தது. இப்போது ஒன்றும் தரவேண்டாம், வேலை கிடைத்தபின் சம்பளத்தில் ஒரு பங்கு தந்தால் போதும் என்று அமெரிக்காவில் கணினி நிரல் கற்பிக்கும் தனியார் பள்ளிகள் சில அழைத்தன. ஏழைக்கு ஏற்ற ஏற்பாடு என்று பலர் புகழ்ந்தனர். அவற்றுள் 'புளூம்டெக்' என்ற பெயர்பெற்ற பள்ளியின்மேல் அந்நாட்டு நுகர்வோர் நிதிப் பாதுகாப்பு அலுவலகம் 2024 ஏப்ரலில் நடவடிக்கை எடுத்தது. அவ்வேற்பாடு உண்மையில் கடனே என்றும், பள்ளி விளம்பரப்படுத்திய வேலைக் கணக்கு உண்மைக்கு மிஞ்சியது என்றும் கண்டு, நுகர்வோருக்குக் கடன் கொடுக்கும் தொழிலிலிருந்து அதனை நிரந்தரமாக விலக்கியது. இங்கும் குற்றம் பழைய குற்றமே: தேர்ச்சிக் கணக்கை நம்பி வாசலுக்கு வந்தவர், அக்கணக்கு எப்படி எடுக்கப்பட்டது என்று கேட்க வழியில்லாதிருந்தார்.

சிங்கப்பூர் 2025இல் தொடங்கிய உதவித்தொகை இதனினும் நேர்மையானது. 40 வயதும் அதற்கு மேலும் ஆன குடிமக்கள், குறிப்பிட்ட முழுநேரப் பயிற்சிகளில் சேர்ந்தால், தம் சராசரி வருமானத்தில் பாதியை, மாதம் 3,000 வெள்ளி வரையில், மொத்தம் 24 மாதங்கள் வரை பெறலாம். ஆயினும் வருமானத்தில் பாதி என்பது, முன்பே குறைவாகச் சம்பாதித்தவருக்குக் குறைவாகவே கிடைக்கும் என்பதையும் நோக்கவேண்டும். 2,000 வெள்ளி பெற்ற ஒருவர் 1,000 வெள்ளியில் பிள்ளைகளோடு எத்தனை மாதம் தாக்குப் பிடிப்பார் என்பது சிங்கப்பூரில் வாழ்வோருக்குச் சொல்லவேண்டியதில்லை.

மலேசியாவில், பினாங்குத் திறன் மேம்பாட்டு நிலையம் 1989இல் தோன்றியது. மின்னணுவியல் கம்பெனிகள் தம்முள் போட்டியை மறந்து, மாநில அரசாங்கத்தோடு சேர்ந்து, தமக்கு வேண்டிய பயிற்சியைத் தாமே வகுத்துக்கொண்டன. வெளிநாட்டார் வந்து பார்த்துச் சென்ற ஏற்பாடு அது. 1993 முதல் மனித வள மேம்பாட்டு நிதியும் வந்தது. சம்பளத்தில் நூற்றுக்கு ஒரு பங்கு வரி. ஆனால் முதலில் அதற்குட்பட்டவை 50 பேரோ அதற்கு மேலோ வேலை செய்த உற்பத்திக் கம்பெனிகளே. பத்துப் பேர் வேலை செய்யும் பட்டறையில் இருந்தவர்க்கும், ரப்பர்க் காடு வீட்டுமனையாக மாறியபோது லயத்தைவிட்டு வெளியேறி நகரத்தின் ஓரத்தில் கிடைத்த வேலையைப் பற்றிக்கொண்டவர்க்கும் அதன் நிழல் எட்டவில்லை. பயிற்சி ஏற்கெனவே நல்ல கம்பெனியில் இருப்பவரைத் தேடிச் செல்கிறது. தேவை மிகுந்தவர் பயிற்சியைத் தேடி அலைகிறார். இது எந்த நாட்டிலும் காணக்கூடிய இயல்பு. தண்ணீர் பள்ளத்தை நோக்கிப் பாய்வதுபோலப் பயிற்சிப் பணம் மேட்டை நோக்கிப் பாய்கிறது.

ஆனால் மலேசியாவின் திறன் சான்றிதழ் முறையில் பலர் அறியாத ஒரு பக்கவாசல் இருக்கிறது. 2006ஆம் ஆண்டுத் தேசியத் திறன் மேம்பாட்டுச் சட்டத்தின் கீழ் நடைபெறும் இம்முறையில், வகுப்பறைக்கே போகாமல், தாம் முன்பே கற்றுப் பழகிய தொழிலுக்குச் சான்றிதழ் பெறலாம். முன் பெற்ற திறனை ஏற்றல் என்பது அதன் பொருள். மின்கம்பி இழுப்பதிலோ, குளிர்சாதனம் பழுது பார்ப்பதிலோ இருபதாண்டு உழன்றவர், தாம் செய்த வேலைகளின் படங்கள், முதலாளியின் கடிதம், செய்முறைக் குறிப்பு ஆகியவற்றைத் தொகுத்து ஒரு கோப்பாக ஒப்படைக்கிறார். மதிப்பீட்டாளர் அதனைத் தேசியத் தொழில் தரத்தோடு ஒன்றொன்றாக ஒப்பிட்டு, ஐயமுள்ள இடங்களில் கேள்வி கேட்டோ செய்யச் சொல்லியோ பார்க்கிறார். பதினைந்து வயதில் விட்டுப்போன பள்ளியின் மதிப்பெண் பட்டியலை அங்கே முதற்கேள்வியாக யாரும் கேட்பதில்லை. கம்பி இழுக்கத் தெரிந்த அந்தக் கைக்குக் கோப்பு எழுதத் தெரியாது என்பதுதான் இடையில் நிற்கும் ஒரே தடை. மாலையில் இரண்டு மணி நேரம் உட்கார்ந்து அவர் சொல்லச் சொல்ல எழுதித் தந்து, ஒழுங்காக அடுக்கிக் கொடுக்க ஒரு சங்கத்தாலோ, தமிழ்ப்பள்ளியின் பெற்றோர் சங்கத்தாலோ, ஓர் ஆசிரியராலோ முடியும்.